ரேகை விழுந்த பலகை

நாள் முழுக்க இழைத்ததில் தச்சருக்குத் தோள்பட்டை கழன்றுவிடும்போல வலித்தது. முன்னால் கிடந்த தேக்குப் பலகையில் ரேகை புகைபோலச் சுழன்றிருந்தது.

"சாப்பாட்டு மேசை செய்யுண்ணே. பாக்கறவன் வாயடைச்சுப் போவான்" என்றான் தம்பி.

"கதவுதான்."

"வாசலுக்கா?"

"குளியலறைக்கு."

தம்பி சிரித்தான். "குளிக்கப் போறவன் ரேகையா பாப்பான்? எந்தப் பணக்காரக் கிறுக்கன் கேட்டான்?"

"எவனும் கேக்கல. நம்ம வீட்டுக்கு."

சிரிப்பு அடங்கியது. "அதுக்குக் கழிவு மரம் போதாதா?"

"அது சேரட்டும், சேரட்டும்னே இத்தனை வருஷம் போச்சு. உங்கண்ணி இன்னமும் தொங்கவிட்ட சாக்கை ஒரு கையால பிடிச்சுக்கிட்டுதான் குளிக்கிறா."

தச்சர் பலகையில் பென்சிலால் அழுத்திக் கோடு போட்டார்.

"ஊரெல்லாம் கதவு மாட்டியாச்சுடா. அவளுக்கு ஒரு கதவு பாக்கி."