யாதகிரி பேரை எடுத்துட்டா...

"யாதகிரியை வேலையை விட்டு எடுக்குற கடிதம் ரெடியாம்மா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார் சக்கரபாணி.

ஹைதராபாத்தில் எட்டு ஆம்புலன்ஸ்கள் ஓட்டும் தனியார் நிறுவனம் அது. அவர்தான் மேலாளர். அழைப்பு வந்த பதினைந்து நிமிடத்தில் வண்டி போய்ச் சேர வேண்டும் என்பது ஒப்பந்தம். சராசரியோ பதினேழில் நின்றது.

"ரெடி சார். உங்க கையெழுத்துதான் பாக்கி," என்றாள் ஸ்ரவந்தி. கம்ப்யூட்டரில் மாதாந்திர அறிக்கை தயாரிப்பவள்.

"அந்த ஒரு ஆளால எல்லார் பேரும் கெடுது. போன மாசம் போன நாற்பத்தொரு தடவையும் லேட். அவர் பேரை எடுத்துட்டுக் காட்டு."

ஓட்டுநர் பட்டியலில் யாதகிரி பெயருக்கு எதிரே இருந்த டிக்கை எடுத்தாள். சராசரி பதினாலுக்கு இறங்கியது.

"பார்த்தியா? அவர் போனா எல்லாம் சரியாயிடும்."

"பக்கத்துல நோயாளிகள் எண்ணிக்கையும் பாருங்க சார்."

முன்னூற்றுப் பன்னிரண்டு, இருநூற்று எழுபத்தொன்றாகி இருந்தது.

"இது ஏன் குறையுது? நேத்து வரைக்கும் அசையாம இருந்துச்சே?"

"நேத்து வரைக்கும் ஓட்டுநர் பட்டியலும் நோயாளிகள் பட்டியலும் தனித்தனி சார். இன்னிக்குக் காலையிலதான் இணைச்சேன். இனிமே ஒரு ஓட்டுநரை எடுத்தா, அவர் ஏத்திட்டு வந்தவங்களும் சேர்ந்து போயிடுவாங்க."

"போகட்டுமே. வேற வண்டி ஏத்திக்கும்."

"ஏத்திக்கலையே சார்." அந்த நாற்பத்தொரு அழைப்புகளையும் திறந்து காட்டினாள். "எல்லாமே கல்குவாரிக்குப் பின்னாடி இருக்கிற காலனி. ரோடு மோசம். போனா லேட்டாகும், ஓட்டுநருக்கு நாம போடுற மார்க் குறையும். ஒவ்வொரு அழைப்பையும் குறைஞ்சது மூணு ஓட்டுநராவது முடியாதுன்னு தள்ளியிருக்காங்க. கடைசியா எடுத்தவர் இவர்."

சக்கரபாணி கையெழுத்துப் போடவில்லை. கடிதத்தை அவள் மேஜையிலேயே விட்டுவிட்டு வெளியே வந்தார்.

பெஞ்சில் காத்திருந்த யாதகிரி எழுந்தார். சக்கரபாணி வாயைத் திறக்கும் முன்பே வண்டிச் சாவியை நீட்டினார்.

"தெரியும் சார், லேட்டுதான். உங்களைக் குறை சொல்லல. இந்த வண்டிக்கு வர்ற ஆள்கிட்ட ஒண்ணு மட்டும் சொல்லிடுங்க. குவாரிக் காலனியில ஒரு பொண்ணுக்கு இந்த வாரம் பிரசவம். போன் வந்தா எடுக்கச் சொல்லுங்க."