அம்மாவுக்கு வராத அம்மையே இல்லை

"எனக்கு எல்லாமே வந்துடுச்சு டாக்டர். ஊசி வேண்டாம்," என்று அம்மா நர்ஸிடமிருந்து தோளை இழுத்துக்கொண்டாள்.

டாக்டரம்மா பொறுமையாகத்தான் கேட்டார். "எல்லாமேன்னா?"

"எல்லாமேதான்."

எனக்குத் தலை சுற்றியது. அமெரிக்க விசாவுக்கு மெடிக்கல். திங்கட்கிழமை கான்சுலேட்டில் இன்டர்வியூ. நியூ ஜெர்சி அத்தை எங்கள் குடும்பத்துக்காக மனுப் போட்டபோது நான் மூன்றாம் வகுப்பு. இப்போது காலேஜே முடியப் போகிறது.

அடுத்த மாதம் எனக்கு இருபத்தொரு வயது நிறைகிறது. அதற்குள் விசா கிடைக்காவிட்டால் நான் பிள்ளைகள் கணக்கில் வர மாட்டேன். அப்பாவும் அம்மாவும் போகலாம். நான் மட்டும் ராஜகீழ்ப்பாக்கத்தில் கிடக்க வேண்டியதுதான்.

நானோ ஒரு மாதமாகத் தரையில் நடக்கவில்லை. ஸ்கூட்டியை மேடவாக்கத்தில் ஒருத்திக்கு விற்றாயிற்று. ஆர்குட்டில் ஊர்ப் பெயரைக்கூட மாற்றிவிட்டேன். காலையில் தாம்பரத்தில் ரயில் ஏறியதிலிருந்து சிரிப்பு அடங்கவில்லை. எதிர் சீட்டுப் பூக்காரம்மா, "இன்னா கண்ணு, கல்யாணமா?" என்றே கேட்டுவிட்டார்.

இந்த நேரம் பார்த்துத்தான் அம்மா வழக்காடுகிறாள்.

"சின்னம்மை?" என்றார் டாக்டரம்மா.

"ஆத்தா என்கிட்ட மூணு தரம் விளையாடியிருக்கா."

"அது பொதுவா ஒரு தரம்தானேம்மா வரும்?"

"எனக்கு மூணு தரம்."

தட்டம்மையும் வந்ததாம். பொன்னுக்குவீங்கி வந்து கன்னமெல்லாம் உப்பிப்போய், பக்கத்து வீட்டுத் தங்கச் சங்கிலியை இரவல் வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டாளாம். தங்கம் பட்டால்தான் வடியுமாம். டாக்டரம்மா கன்னத்தில் கை வைத்துக் கதை கேட்டார்.

"சரி, ரூபெல்லா?"

சத்தியமாகச் சொல்கிறேன், அந்தப் பெயரை அம்மா அன்றுதான் கேள்விப்படுகிறாள்.

"அதுவும் வந்துச்சு. ரொம்ப மோசமா வந்துச்சு."

நர்ஸ் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தாள்.

"இதுக்கெல்லாம் ஆஸ்பத்திரிச் சீட்டு ஏதாவது இருக்கா?"

"அம்மை வந்தா யாருங்க ஆஸ்பத்திரிக்குப் போவா? வாசல்ல வேப்பிலை சொருகுவாங்க, அவ்வளவுதான்."

சீட்டும் இல்லை, ஊசியும் வேண்டாம் என்றால் கையெழுத்துப் போட முடியாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

எனக்குப் புரிந்துவிட்டது. ஆத்தாவுமில்லை, ரூபெல்லாவுமில்லை. அம்மாவுக்கு அமெரிக்காவே வேண்டாம். அத்தைக்கும் அவளுக்கும் என்றைக்குமே ஏழாம் பொருத்தம். அத்தை வீட்டு மாடியில் போய்க் குடியிருக்க மனசில்லை, அதை அப்பாவிடம் சொல்லவும் தைரியமில்லை. அதற்கு நான் பலியா?

"போட்டுக்கோயேம்மா! எனக்கும்தான் போட்டாங்க, எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்ல," என்று கத்தியே விட்டேன். "நான் போகக் கூடாது, அதுதானே உனக்கு?"

அம்மா என்னைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. இருந்த கோபத்தில் அதுவும் நடிப்பாகத்தான் பட்டது.

டாக்டரம்மா என்ன நினைத்தாரோ, "நீ கொஞ்சம் வெளிய இரும்மா," என்றார்.

வெளியே ஆண்கள் வரிசையில் அப்பா. கடைக்கு லீவு விட்டு, புது ஷூ போட்டுக்கொண்டு, மாப்பிள்ளை மாதிரி நின்றார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"முடிஞ்சுதா?"

"உங்க பொண்டாட்டியைக் கேளுங்க. ஊசி போட்டுக்க மாட்டாளாம்."

அப்பா கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஏனோ சட்டென்று திரும்பி, சுவரிலிருந்த கண் பரிசோதனை போஸ்டரைப் படிக்க ஆரம்பித்தார்.

கதவு திறந்தது. டாக்டரம்மா சிரித்துக்கொண்டிருந்தார்.

"அம்மாவுக்கு அந்த ஊசியெல்லாம் வேண்டாம். அதுக்கு விலக்கு இருக்கு. ரெண்டு பேரும் எக்ஸ்ரேவுக்குப் போங்க. ஒண்ணும் தள்ளிப்போகாது."

எனக்குக் குதிக்க வேண்டும் போல் இருந்தது. குதித்தேன். மூன்று ஆத்தாவையும் காட்டி அம்மா ஒரு டாக்டரையே மடக்கிவிட்டாளே என்று பெருமையாகக்கூட இருந்தது.

எக்ஸ்ரே அறையில் நர்ஸ் என் இடுப்பில் ஒரு கனத்த ரப்பர் ஏப்ரனைக் கட்டினாள். கதிர் படாமல் இருக்கவாம். அம்மாவுக்கு வயிற்றை மூடி முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று.

"அவங்களுக்கு மட்டும் ஏன் சிஸ்டர் ரெண்டு?"

"மூணாவது மாசமாச்சே. பாப்பாவுக்குப் படக் கூடாதுல்ல?"

நான் அம்மாவைப் பார்த்தேன். நாற்பத்தொரு வயது அம்மா புதுப்பெண் மாதிரி தலையைக் குனிந்துகொண்டிருந்தாள்.

"வாயைத் திறந்தா பிரசவம் வரைக்கும் எல்லாத்தையும் நிறுத்தி வெச்சிடுவாங்களோன்னு பயந்துட்டேன்டி. அதுக்குள்ள உனக்கு வயசு தாண்டிடும். ஊசியும் வயித்துல இருக்கிறதுக்கு ஆகாது. நான் என்னதான் பண்ணுவேன்?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவளைக் கட்டிக்கொள்ளப் போனேன். ஏப்ரனும் ஏப்ரனும் இடித்துக்கொண்டன. நர்ஸ் என்னைப் பிடித்து வரிசையில் நிறுத்தினாள்.

அம்மா என் காதருகில் வந்தாள்.

"விசா கைக்கு வந்த அன்னிக்கே டிக்கெட் போடச் சொல்லுடி உங்கப்பாவை. இன்னும் ஒரு மாசம் போனா வயிறு தெருவுக்கே தெரிஞ்சிடும். அதுக்குள்ள ஏறிடணும்."

அமெரிக்கா போக எங்கள் வீட்டிலேயே அதிக அவசரம் எனக்குத்தான் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.