காயாத மாற்று

நெருங்கி உட்காருங்கள், செல்லங்களே. சட்டை ஒன்று பதில் சொன்ன கதை இது. சத்தம் போடாமல் கேட்க வேண்டிய கதை.

மூட்டையை அவிழ்த்த வண்ணாத்தியின் கை அப்படியே நின்றுவிட்டது.

ஒல்லாந்துச் சிப்பாய்களின் முகாமிலிருந்து வாராவாரம் வருகிற அழுக்கு மூட்டை அது. உள்ளே நீலக்கோடு போட்ட ஒரு சட்டை.

கழுத்துப்பட்டையைத் திருப்பிப் பார்த்தாள்.

மூன்று புள்ளி. ஒரு சாய்கோடு.

வெளுத்தாலும் போகாத சேங்கொட்டைச் சாறு தொட்டு அவளே போட்ட குறி. எந்தத் துணி எந்த வீட்டுடையது என்று வண்ணாத்திக்குத் தெரிய வேண்டுமே, அதற்காக வீட்டுக்கு ஒன்று.

இது சொர்ணவல்லி வீட்டுக் குறி.

சொர்ணவல்லியின் புருஷன் அடைக்கலம் செத்துவிட்டான் என்றல்லவா தெருவே சொல்கிறது.

சுமத்திராவில் மேடான் நகரம். மண்ணின் பிள்ளைகள் விடுதலை கேட்டு ஒல்லாந்தரோடு, அந்த டச்சுக்காரர்களோடு, மல்லுக்கு நின்ற வருஷங்கள். நம் தெருத் தமிழர்களில் பாதிப்பேர், ஊருக்குக் கப்பல் எப்போது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிலர் முகாமுக்குப் பால் ஊற்றினார்கள். அடைக்கலம் மட்டும் அந்தப் பிள்ளைகளோடு காட்டுக்குப் போனான்.

பாலம் ஒன்று வெடித்தது. அவன் திரும்பவில்லை.

வருகிற அமாவாசைக்குச் சடங்கு என்று வைத்துவிட்டார்கள். உடம்பு கிடைக்காதவனுக்கு வைக்கோலில் ஓர் உடம்பு. அதன் முன்னால் தாலி இறக்க வேண்டும்.

தாலி இறக்கிக் குளித்தெழும் பெண் முதலில் உடுத்துவது வண்ணாத்தி கொண்டுவரும் மாற்றுச்சேலை. அது வராமல் சடங்கு நடக்காது. கடல் தாண்டும்போது எத்தனையோ வழக்கம் தண்ணீரில் போயிற்று. இது மட்டும் கரையேறிவிட்டது.

அந்தத் தெருவுக்கு வண்ணாத்தி அவள் ஒருத்திதான்.

சட்டையை முகர்ந்தாள். வியர்வை. புது வியர்வை.

யாருடையது?

ஜப்பான்காரன் காலத்தில் சாக்கைக் கட்டிக்கொண்டு திரிந்த ஊர். செத்தவன் சட்டையை உருவிப் போட்டுக்கொள்ள யாரும் கூசுவதில்லை.

முகாமில் கைதிகளும் இருந்தார்கள். அவர்கள் துணியும் இதே மூட்டையில்தான் வரும்.

கேட்கலாம்தான். யாரைக் கேட்பது? பாலத்துக்கு வெடி வைத்தவன் இவன் என்று தெரிந்தால் சுவரோரம் நிறுத்திவிடுவார்கள். உள்ளே அவன் எந்தப் பேரில் இருக்கிறானோ. தெருவில் யார் காது யாருக்கு வாடகைக்குப் போயிருக்கிறதோ.

வெளுத்தாள். கஞ்சி போட்டாள். மேல் பொத்தான் தொங்கிக்கொண்டிருந்தது. மஞ்சளில் நனைத்த நூலால் அதைத் தைத்தாள்.

நூலின் நுனியை வெட்டவில்லை. நீளமாக விட்டாள்.

வேறொன்றும் செய்யவில்லை.

அந்த வாரம் அவளுக்குப் பயம்கூட வரவில்லை. ஆவல்தான். கல்லில் துணியை ஓங்கும்போதெல்லாம் பார்த்திருப்பானா என்று ஓர் அடி. பார்த்தது அவன்தானா என்று ஓர் அடி.

அமாவாசைக்கு முந்தின நாள் மூட்டை வந்தது.

சட்டை இருந்தது. பொத்தான் இல்லை.

நூல் இருந்தது. பொத்தான் துளையைச் சுற்றி யாரோ நிதானமாகக் கட்டியிருந்தார்கள்.

ஒரு முடிச்சு.

அதன்மேல் இன்னொன்று.

அதன்மேல் இன்னொன்று.

ஒல்லாந்துக்காரனுக்கு ஒரு முடிச்சு போதும். இந்த ஊர்க்காரனுக்கும் ஒன்று போதும். மஞ்சள் நூலைக் கண்டால் மூன்று போடுகிற கை எது?



மாற்றுச்சேலை மடித்துத் தயாராக இருந்தது. எடுத்தாள். உதறினாள். மறுபடியும் தொட்டித் தண்ணீரில் முக்கினாள்.

மறுநாள் காலை நல்ல வெயில். சொர்ணவல்லியைக் கூடத்தில் உட்கார்த்தி வைத்திருந்தார்கள். முகம் நிறைய மஞ்சள், தலை நிறையப் பூ, முழங்கை வரை வளையல். எல்லாம் கடைசியாக. சுற்றிலும் பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். அவள் அழவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வண்ணாத்தி வெறுங்கையோடு வந்து வாசலில் நின்றாள்.

அடைக்கலத்தின் பெரியப்பா பஞ்சநாதம்தான் முதலில் பார்த்தார்.

"என்ன புள்ள, மாத்து எங்க?"

"காயலீங்க சாமி."

அவர் அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். துளி மேகம் இல்லை.

"ஒல்லாந்துக்காரன் துணி மட்டும் காயுதோ?"

"அவன் அடிப்பான் சாமி. நீங்க திட்டுறதோட விட்டுருவீங்க."

பின்னால் யாரோ சிரித்து, சடங்கு வீடு என்று நினைவு வந்து, இருமினார்கள்.

பெரியவருக்கு முகம் சிவந்துவிட்டது. "இனிமே இந்தத் தெருவுல ஒரு கோவணம்கூட ஒனக்கு வராது. தெரிஞ்சுக்க."

"சரிங்க சாமி."

அவள் நகரவில்லை. அவருக்கும் வேறு வழியில்லை.

"தொலை. அடுத்த அமாவாசைக்காவது கொண்டாந்து சேரு."

அவள் சொர்ணவல்லியைப் பார்க்கவில்லை. பெரியவரையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அடுத்த அமாவாசைக்கும் காயாதுங்க."

கூடத்தில் அழுகை தொடர்ந்தது.

சொர்ணவல்லி தலையை நிமிர்த்தினாள். வாசலில் நின்ற அந்த வெறுங்கைகளைப் பார்த்தாள். அந்தக் கைகள் சும்மாதான் தொங்கின.

பிறகு எழுந்தாள். யாரோ தோளைப் பிடித்து அழுத்தினார்கள். மெல்ல விலக்கினாள்.

"பெரிய மாமா, எனக்குப் பசிக்குது."

நாலைந்து நாளாகப் பச்சைத் தண்ணீர்கூட இறங்காதவள். அடுக்களைக்குள் போய்த் தானே போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். துக்கத்தில் புத்தி பிசகிவிட்டது என்று பெண்கள் இன்னும் பலமாக அழுதார்கள்.

அவள் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டாள்.

போய்த் தூங்குங்கள், செல்லங்களே. உங்கள் வீட்டுக் கொடியில் காய்கிற ஒவ்வொரு சட்டைக்கும், போட்டுக்கொள்ள ஆள் இருக்கட்டும்.