முதல் நிலை தேறிய தவளை

குளத்தில் உயிர்காக்கும் பயிற்சி நடத்திய ஆமையிடம் இளந்தவளை ஒன்று முதல் நிலை தேறியிருந்தது. மறுநாளே கிளையிலிருந்து ஓர் அணில் தண்ணீரில் விழுந்தது. தவளை வேகமாக நீந்தி அருகே போனது.

"பயப்படாதீங்க, நான் பயிற்சி எடுத்தவன்."

"ஐயோ, கையைக் கொடுப்பா!"

"கை கொடுக்கிறது இரண்டாம் நிலைங்க. முதல் நிலையில தைரியம் மட்டும்தான் சொல்லலாம். தைரியமா இருங்க."

மூழ்கி எழுந்த அணில் தவளையின் பின்னங்காலைப் பிடித்து, முதுகில் ஏறிக்கொண்டது. தவளை அலறியபடி கரைக்குப் பாய்ந்தது.

கரையில் நின்ற ஆமை நெகிழ்ந்துபோய், அங்கேயே அதற்கு இரண்டாம் நிலைப் பதக்கம் அணிவித்தது. தவளை தன் துணிச்சலைப் பற்றிச் சிற்றுரை ஆற்றியது.

ஈரம் சொட்ட நடுங்கிய அணிலைப் பார்த்து ஆமை முறைத்தது.

"என்ன சும்மா நிக்கிறீங்க? கை தட்டுங்க!"