லவோனின் ஈரக் கைகள்

பீச் பழங்களைப் பதனிட்டு ஆறவைத்த கண்ணாடிப் புட்டிகள் வழியே வரும் மதிய வெயில், லவோனின் யூட்டா வீட்டுச் சமையலறை மேசையைப் பொன்னிறமாக்குகிறது. மார்மன் என்னும் அமெரிக்கக் கிறித்தவச் சபையின் வரலாற்றை ஆராயும் நான், அவள் வீட்டுப் பரணில் கிடைத்த 1881-ஆம் ஆண்டு நாட்குறிப்பை வாசிக்கிறேன்: “பிரசவத்துக்கு முன், பெண்கள் நாங்கள் கர்ப்பிணியின் தலைமேல் கைவைத்து ஆசி கூறினோம்.” பழம் நறுக்கும் லவோனின் கத்தி நிற்கிறது. “நம்ம சபையில ஆம்பளைங்கதானே கை வெச்சு ஆசி சொல்லணும்? சரியாப் பாருங்க, புரொபசர்.” “மூணு தடவை பாத்துட்டேன், லவோன்.” அவளுடைய நிறைமாத மகள் பிரின்லி சிரிக்கிறாள். “சபையை நடத்துற பிஷப்போட பொண்டாட்டி நீ, அப்பாகிட்ட கேட்டுக்கோம்மா.” சூடு தணியும் புட்டியொன்றின் மூடி ‘டிக்’கென இறுகுகிறது. லவோன் கைகளைத் துடைக்க மறந்து, மகளின் தலைமேல் மெல்ல வைக்கிறாள். பழச்சாறு பிரின்லியின் நெற்றியில் வழிகிறது. நான் பென்சிலைக் கீழே வைக்கிறேன். லவோனின் உதடுகள் அசைகின்றன, வார்த்தை வரவில்லை. “ஆசியைச் சொல்லும்மா,” என்கிறாள் பிரின்லி, சிரிப்பை விட்டுக் கண்களை மூடியபடி.