பலகைக்கு அடியில்

மலையில் வாடகைக்குக் கிடைத்த வீட்டில் தரை முழுக்கப் பலகை. அதன் அடியில் ஓர் ஆள் தவழும் அளவுக்கு இடைவெளி. கோவில்பட்டியிலிருந்து குடிவந்த செண்பகவல்லி, ஊர் வழக்கப்படி இங்கேயும் வெள்ளிக்கிழமைதோறும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி வீட்டைக் கழுவினாள். ஒரு சொட்டும் தேங்காமல் இடுக்குகளில் இறங்கிவிடும். நல்ல வாட்டமான தரை என்று அவளுக்குப் பெருமை.

கூடத்துப் பலகை ஆடுகிறதென்று வரவழைத்த தச்சர் சகாயம், டார்ச்சைக் கவ்விக்கொண்டு அடியில் நுழைந்தார். ஏதோ சரிந்த சத்தம். பிறகு அவள் காலுக்கு நேர் கீழே குரல் கேட்டது.

"அக்கா, அசையாதீங்க."

"ஏன்ணே?"

"தாங்குற கட்டையெல்லாம் ஊறுன புண்ணாக்கு மாதிரி கையோட வருது. இப்ப பலகையும் நீங்களும் என் முதுகு மேலதான் நிக்கிறீங்க."

அறைக்குள் கொலுசு குலுங்கியது. தூங்கி எழுந்த மகள் அறை வாசலில் நின்றாள்.

"அக்கா, யாரது?" என்றார் சகாயம் கீழிருந்து.

வாயைத் திறந்தால் பலகை ஆடிவிடுமோ என்று பயந்த செண்பகவல்லி, வராதே என்று இரண்டு கைகளையும் நீட்டினாள்.

அம்மா தூக்கத்தான் கை நீட்டுகிறாள் என்று குழந்தை சிரித்துக்கொண்டே ஓடி வந்தது.