தூசி ஆகாத சம்பந்தம்

"ஒரு சிட்டிகைச் சாம்பல்கூட வெளிய போகாது சார். அம்புட்டையும் மெஷினே பிடிச்சு வச்சிரும்" என்றார் கிறிஸ்துராஜ்.

கடலோரத்து அனல்மின் நிலையம் ஒன்றில் தலைமைப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். உத்தியோகத்துக்குத்தான் ஓய்வு, குரலுக்கு இல்லை. மகன் கிளெமென்ட்டுக்கும் அங்கேதான் வேலை, அந்தக் குவார்ட்டர்ஸில்தான் குடித்தனம். அவனுக்கு அனிஷாவைப் பெண் பார்க்க, அவனையும் மனைவி கிளாராவையும் கூட்டிக்கொண்டு திண்டுக்கல்லுக்கு வந்திருந்தார்.

"இல்ல, நிலக்கரிய எரிக்கிற எடமாச்சே... பாப்பாவுக்குச் சின்னதுலருந்து வீசிங். இப்பத்தான் ரெண்டு வருசமா இன்ஹேலர் இல்லாம இருக்கா. அதான் கேட்டேன்" என்று இழுத்தார் அனிஷாவின் அப்பா ராயப்பராஜ்.

"உங்க தலைக்கு மேல ஃபேன் சுத்துதே, அது யார் குடுத்த கரன்ட்டு? ஒருதரம் எங்க குவார்ட்டர்ஸுக்கு வந்து மூச்சு விட்டுப் பாருங்க. கொடைக்கானல் தோத்துப் போகும்."

ராயப்பராஜ் ஃபேனை நன்றியோடு அண்ணாந்து பார்த்தார்.

சமையலறை வாசலில் நின்ற அவர் மனைவி சகாயராணிக்கு மனம் ஆறவில்லை. காலையிலிருந்து துடைத்துத் துடைத்து வைத்த வீடு. வந்தவர்கள் மூன்று பேரும் கைக்குட்டையால் சோபாவைத் தட்டிவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள். பலகாரத்துக்குத் தட்டு கொடுத்தால், அதைக் கவிழ்த்து ஒரு தட்டுத் தட்டினார் அந்த அம்மாள்.

"நம்ம வீடு அம்புட்டு அழுக்காவா கெடக்கு?" என்று, உள்ளே வந்த கணவரிடம் பொருமினாள்.

"பெரிய உத்தியோகம் பாத்த குடும்பம், சுத்தம் பாப்பாக. வீசிங் புள்ளைக்கு இப்படி ஒரு வீடுதான் வேணும். பையனும் தங்கமா இருக்கான். பூத்தட்டை எடுத்துட்டு வா, இன்னைக்கே பூ வச்சு முடிச்சிருவோம்."

அதுவும் சரியென்றே பட்டது. தூசி ஆகாத பெண்ணுக்குத் தூசி ஆகாத மாமியார். தானாக அமைகிற பொருத்தமா இது? மல்லிகைப்பூத் தட்டோடு ஹாலுக்கு வந்தாள்.

அனிஷா எல்லோருக்கும் காபி கொடுத்து முடித்திருந்தாள். அமைச்சர் ஒருவருக்குத் தாம் புகைபோக்கியைச் சுற்றிக் காட்டிய கதையில் இருந்தார் கிறிஸ்துராஜ். பல முறை கேட்ட முகத்தோடு கிளாரா உட்கார்ந்திருந்தார், டம்ளரின் வாயை உள்ளங்கையால் மூடியபடி.

"கையை எடுங்க ஆன்ட்டி, ஆவி சுடும்" என்றாள் அனிஷா.

"பரவால்லம்மா. மூடலேன்னா விழுந்துரும்ல."

"என்ன விழும்?"

கிளாரா அண்ணாந்து பார்த்தார். வெள்ளை மாறாத கூரை. வெள்ளை மாறாத ஃபேன்.

"ஆமா... இங்க விழாதுல்ல" என்று மெல்லக் கையை எடுத்தார்.

அமைச்சர் கதை பாதியில் நின்றது. சகாயராணி பார்த்தாள். கிளெமென்ட்டின் டம்ளர் மேல் ஒரு கை இருந்தது. ஒரு சிட்டிகைச் சாம்பல்கூட வெளியே விடாத கிறிஸ்துராஜின் டம்ளர் மேலும் ஒரு கை இருந்தது.

நல்ல பையன்தான் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அதற்காகவே எடுத்து வந்தவள் போல, பூவைக் கொண்டுபோய் மாதா படத்துக்குச் சாத்தினாள்.